தெருமுனையில் ஒரு பழைய விளக்கு

தெருமுனையில் நிற்கும் ஒரு பழைய விளக்குக்கும், துணை என்று சொல்லிக்கொள்ள வேறெவருமில்லாத ஒரு கிழவனுக்கும் இடையே சிநேகம் உண்டாகக் கூடுமா?

கூடும் என்று, தமக்கு முப்பது வயதுகூட நிரம்பாத பருவத்திலேயே நமக்குக் காட்டியவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அந்த இளைஞர், 1934-ஆம் வருஷம் ‘மணிக்கொடி’ப் பத்திரிகையில் கதைகள் எழுதத் தொடங்கிய அந்த ஆரம்ப காலத்துச் சிருஷ்டிகளுள் ஒன்றுதான் ‘தெரு விளக்கு’.

கையிலுள்ள காப்பி ஆறுவதற்குள் வாசித்து முடித்துவிடக்கூடிய அந்தச் சின்னஞ்சிறு கதையிலே, கிழவனுக்கு ஆதாரமாக நின்ற பழைய விளக்கு அகற்றப்படுகிறது. அதைத் தொடர்ந்து அவனும் மறைகிறான். பிறகு அதே மூலையில் புதிய மின்சார விளக்கு ஒளி வீச, அதன் கீழே குழந்தைகள் ஆரவாரமாய் விளையாடுகிறார்கள். பழையன கழிவது இயற்கைதான் என்று நம் புத்தி ஒப்புக்கொண்டாலும், இருட்டில் தனித்து நின்ற அந்தக் கிழவனை நம் இருதயம் மறக்க மறுக்கிறதே, அதுதான் அந்த இளம் எழுத்தாளர் சாதித்த அற்புதம்.

அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைப் படித்துச் சிரித்து மகிழ்ந்தவர்கள், அதை எழுதிய கரம் ஆரம்பத்தில் எப்படிப் பழகியது என்பதை அறிய விரும்பினால், இன்றிரவு விளக்கை அணைக்குமுன் இந்த ஒரு கதையை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.