வாகனங்களுக்குக் காந்தப் பெயர்த்தகடு

வாரநாளில் வியாபாரத்துக்கும் ஞாயிறன்று குடும்பப் பயணத்துக்கும் ஒரே மோட்டார் வானை வைத்திருப்போர் பலர். கதவில் நிரந்தரமாகப் பெயர் எழுதுவிப்பது அவர்களுக்கு ஒவ்வாது. வேண்டியபோது ஒட்டிக் கழற்றக்கூடிய காந்தத்தகடு அத்தகையோருக்கே உரியது.

இத்தகடு இரும்பன்று. பெரைற்று என்னும் காந்தப்பொருளின் தூளை இறப்பருடனோ பிளாஸ்டிக்குடனோ பிசைந்து, உருளைகளிடையே அழுத்தி எடுத்த விரிப்பே அது. அதன் ஒரு பக்கத்தில் வடமுனையும் தென்முனையும் நெருங்கிய கோடுகளாக மாறிமாறி அமையுமாறு காந்தமூட்டுவர். முனைகள் இவ்வாறு நெருங்கியிருப்பதால் இழுவிசை மேற்பரப்பை ஒட்டியே நின்றுவிடுகிறது. சிறிது இடைவெளி நேர்ந்தாலும் பிடி வெகுவாகத் தளரும். ஓடும் வண்டிக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடே வழக்கம்.

ஒரு மூலை சற்றே உயர்ந்து காற்று நுழைந்தாற் போதும். தகடு பறந்து, பின்னால் வரும் சைக்கிள்காரரைத் தாக்கக்கூடும். மூலைகளை வட்டமாக வெட்டுவது இதனாலேயே. கதவின் மடிப்பையும் அலங்காரப் பட்டியையும் தவிர்த்த சமதளத்தை அளந்து, அதற்குள் அடங்கவே எழுத்தை அமைத்தல் வேண்டும். 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பெயர்ப்பலகை வரைவோர் கணக்கு. கடைச்சரக்கு முழுவதையும் கதவிலேற்ற விரும்பும் முதலாளிமாருக்கு இது கசக்கும். பெயரும் தொலைபேசி எண்ணுமே ஓடும் வண்டியில் வாசிக்கத்தக்கவை.

அச்சிட்ட வைனில் தாளின் மை நன்கு உலர்ந்தபின், வெயிலைத் தாங்கும் தெளிந்த மென்படலத்தை மேலே ஒட்டித் தகட்டில் பதிப்பர்.

தூசியும் ஈரமும் அடியில் தங்கினால் வண்டியின் வர்ணம் கெடும். ஆதலால் தகட்டை அடிக்கடி கழற்றி, இரு பக்கமும் துடைத்து உலர்த்துதல் அவசியம். அலுமினியக் கதவிலும், நெளிவு தெரியாமல் தடிப்பாகப் பூசி நிரவிய இடத்திலும் அது பிடிக்காது. பணம் கொடுக்குமுன் சிறு காந்தமொன்றைக் கதவில் வைத்துப் பார்ப்பது நன்று.