புது கேமரா, பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர்: 95,000 ரூபாய் செலவு அவசியமா?



போன வருஷம் நம்ம சேனலுக்கு ஒரு புது மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். முதல் ஷூட் முடிச்சு ஃபைலை லேப்டாப்ல போட்டா, எடிட்டிங் சாஃப்ட்வேர்ல சவுண்ட் மட்டும் வருது, படத்தைக் காணோம்! கடையில கேட்டேன். "சார், லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு. 95,000 ரூபாய்க்குப் புதுசு இருக்கு, நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுடலாம்"னாங்க. ஊருக்கெல்லாம் இஎம்ஐ பத்தி கிளாஸ் எடுக்கிற நான், கார்டை வெளியே எடுத்துட்டேன்.

நல்லவேளை, "நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி புரிஞ்சது: பிரச்சினை லேப்டாப்ல இல்லை, ஃபைல்ல.

ஏன் திறக்கலை?

என்னோட சாஃப்ட்வேர் 2012 வெர்ஷன். கேமரா பதிவு பண்ணினது ஹெச்.265 ஃபார்மட்ல. அந்த ஃபார்மட் வந்ததே 2013-லதான்! பிறக்காத குழந்தையை அந்த சாஃப்ட்வேருக்கு எப்படி அடையாளம் தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது 2003-ல வந்த ஹெச்.264. ஆக, செய்ய வேண்டியது ஒண்ணுதான்: ஃபைலை அதுக்குப் புரியற ஃபார்மட்டுக்கு மாத்தணும்.

செலவில்லாத வழி

1. முதல்ல கேமரா மெனுவைப் பாருங்க. பல கேமராக்கள்ல ஹெச்.264, 8 பிட்னு மாத்திக்கலாம். சோனியில எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ்-க்குப் பதிலா எக்ஸ்ஏவிசி எஸ். ஐபோன்ல செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாடிபிள்'. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிஞ்சிடும்.

2. ஏற்கெனவே எடுத்த வீடியோவுக்கு 'ஹேண்ட்பிரேக்' போதும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதோட சொந்த தளத்துல இருந்து மட்டும் டவுன்லோடு பண்ணுங்க. விண்டோஸ்னா 10-ஆவது இருக்கணும்.

3. அதுல 'புரொடக்‌ஷன் ஸ்டாண்டர்ட்' ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுங்க. எடிட்டிங்குக்காகவே இருக்கிறது அது. சைஸை 1080-க்கு இறக்குங்க. ஃப்ரேம் ரேட்ல 'கான்ஸ்டன்ட்' இருக்கான்னு பாருங்க. மொபைல் வீடியோவுக்கு இது ரொம்ப முக்கியம். ஃபோன்ல ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும். பழைய சாஃப்ட்வேர்ல போகப் போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்னு ஆயிடும்.

4. முதல்ல 1 நிமிஷ வீடியோவை மட்டும் மாத்திப் பாருங்க. அது 400 எம்பி வந்தா, 20 நிமிஷத்துக்கு 8 ஜிபி. டிஸ்க்ல இடம் இருக்கான்னு அப்பவே தெரிஞ்சிடும். சரியா வந்தா மொத்தத்தையும் 'க்யூ'வுல போட்டுட்டுத் தூங்கப் போயிடலாம்.

ஒரிஜினல் ஃபைலை மட்டும் வீடியோ அப்லோடு ஆகிற வரைக்கும் அழிக்காதீங்க!

இப்ப ஆடிட்டர் கணக்கு

"லேப்டாப்பை வரிக் கழிவுல காட்டிக்கலாமே சார்"னு நிறைய பேர் கேட்கறீங்க. சம்பள வருமானத்துல இதைக் கழிக்க வழியே இல்லை. சேனல் வருமானத்தைத் தொழில் வருமானமாக் காட்டி, கணக்கு எழுதினா கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானம் உண்டு. 95,000-ல 38,000. நீங்க 20% ஸ்லாப்ல இருந்தா முதல் வருஷம் மிச்சமாகிற வரி 7,600 ரூபாய், செஸ் தனி. அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா, அதுலயும் பாதிதான். 40% கழிவுன்னா 40% தள்ளுபடி இல்லைங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ-யும் முழுசா நோ காஸ்ட் இல்லை. கிரெடிட் கார்டுன்னா வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டி, பல பேங்க்ல பிராசஸிங் ஃபீஸ் வேற.

அப்ப எப்பதான் வாங்கறது?

ஃபைல் மாத்தற நேரத்தால கையில இருக்கிற காசு தர்ற வேலை தள்ளிப்போகுதுன்னா வாங்குங்க. அதுவும் சேனல் சம்பாதிச்ச பணத்துல. சேனல் இன்னும் சம்பாதிக்கவே ஆரம்பிக்கலைன்னா, அது தொழில் செலவு இல்லை, ஆசைச் செலவு. ஆசை தப்பில்லை; சம்பளத்துல அதுக்குத் தனியா எடுத்து வெச்சு வாங்குங்க.

நான் அந்தக் கடைக்குத் திரும்பப் போகலை. இப்ப பார்க்கிற வீடியோ எல்லாம் அதே பழைய லேப்டாப்ல எடிட் பண்ணினதுதான். ராத்திரி அது கன்வெர்ட் பண்ணுது, நான் தூங்கறேன்.