“எங்கீங்க தம்பி இதைப் பிடிக்கிறது?”

கோவையில் வி.எம்.சி. என்ற கணினிவழி வெட்டும் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளுக்கு, ரேஸ் போட்டி நெருங்கும் மாதங்களில் கல்லூரிப் பையன்கள் வந்துகொண்டே இருப்பார்கள். லேப்டாப்பில் ‘அப்ரைட்’ என்ற பாகத்தின் படம் இருக்கும். சக்கரத்தின் பேரிங்கையும் சஸ்பென்ஷன் கைகளையும் ஒருசேரத் தாங்கும் அலுமினியத் துண்டு அது. கணினியில் பளு ஏற்றிப் பார்த்து, சிவப்பு காட்டாத இடங்களையெல்லாம் குடைந்து எடையைக் குறைத்திருப்பார்கள். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கும் மெஷின்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: “எங்கீங்க தம்பி இதைப் பிடிக்கிறது?”

நான்கு வருடப் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தாள் கிடையாது.

கேள்வி சாதாரணமானதல்ல. ஒரு பக்கத்தைக் கடைந்து முடித்துத் திருப்பிப் போட்டால், வைஸ் கவ்வுவதற்கு நேரான முகம் மிச்சம் இருக்காது. மெல்லிய சுவரை இறுக்கிப் பிடித்து பேரிங் துளையைக் கடையலாம். மெஷினில் இருக்கும்வரை அளவு கச்சிதமாகக் காட்டும். கழற்றியதும் சுவர் தன் பழைய நிலைக்கு விரியும், வட்டம் முட்டையாகிவிடும். ஆகவே அனுபவசாலி எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் குடைய மாட்டார். பிடிப்பதற்கென்று இரண்டு காதுகளை விட்டுவைத்து, துளையை முடித்த பிறகு கடைசியில் அவற்றை வெட்டி எறிவார். முடிந்த பாகத்தில் அந்தக் காதுகள் இருந்த சுவடே தெரியாது. அதனால்தான் படம் வரைகிறவருக்கு அவை தோன்றுவதில்லை.

அடுத்தது உள்மூலை. கணினியில் 90 டிகிரி மூலை வரைய ஒரு கிளிக் போதும். சுழலும் கட்டரோ வட்டம். அது தன் ஆரத்தை மூலையில் விட்டுத்தான் போகும். 40 மி.மீ. ஆழக் குழியில் 3 மி.மீ. ஆரம் கேட்டால் 6 மி.மீ. கட்டரை 40 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்ட வேண்டும். விட்டத்தைப் போல ஏழு மடங்கு நீளம். அது அதிரும், உடையும். உடையாமலிருக்க மெதுவாக ஓட்டினால் மெஷின் வாடகை ஏறும். மூலையை 8 மி.மீ. ஆக்கிவிட்டால் காருக்கு நஷ்டமொன்றும் இல்லை, வேலையும் சீக்கிரம் முடியும். பையன்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். எடை சில கிராம் கூடுகிறதே என்ற வருத்தம் முகத்தில் தெரியும்.

பிறகு டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசம். எல்லா அளவுக்கும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று போட்டுக் கொண்டு வருவது வழக்கம். உண்மையில் அப்படிப்பட்ட துல்லியம் தேவைப்படுவது பேரிங் உட்காரும் துளைக்கும் இன்னும் ஓரிரு முகங்களுக்கும்தான். அந்தத் துளை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு. 80 மி.மீ. துளைக்கு எச்7 என்ற துல்லிய வகுப்பைக் குறித்தால் மொத்த அனுமதி 30 மைக்ரான். பட்டறையில் 34 டிகிரி சூட்டில் அளந்த அலுமினியத்தை, அளவியலுக்கு உலகம் ஒப்புக்கொண்ட 20 டிகிரி அறைக்குக் கொண்டுபோனால் துளை சுமார் 26 மைக்ரான் சுருங்கும். அனுமதியில் பெரும்பங்கை வெயிலே தின்றுவிடுகிறது. வெப்ப விரிவு வாய்ப்பாடு எல்லாப் பையனுக்கும் தெரியும். அது தேர்வில் ரயில் தண்டவாளத்துக்குத்தான் கேட்கப்பட்டிருக்கும்.

இந்தப் பையன்கள் தயாராவது, மாணவர்கள் தாங்களே கட்டும் ரேஸ் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டிக்கு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. கோவையிலேயே மாருதி இன்ஜின் வைத்து ரேஸ் கார்கள் கட்டிய எஸ். கரிவரதன் பெயரில் உள்ள களம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேகப் போட்டி. ஆனால் மொத்தமுள்ள 1,000 புள்ளிகளில் 325 புள்ளி, கார் நகராமலேயே வாங்க வேண்டியது. வடிவமைப்பை நியாயப்படுத்த 150, செலவையும் தயாரிப்பு முறையையும் விளக்க 100, தொழில் திட்டத்துக்கு 75. ஒவ்வொரு போல்ட்டும் எதற்கு, எவ்வளவு, எப்படிச் செய்தது என்று நடுவர்கள் துருவுவார்கள். சுமார் 22 கிலோமீட்டர் தாங்குதிறன் ஓட்டத்தில் பாதியில் நின்றுபோகும் கார்கள் நிறைய. என் பார்வையில், நின்றுபோன காரின் அணிக்குக் கற்றது குறைவில்லை.

ஆனால் ஒரு கல்லூரியில் இந்த அணிக்குள் நுழைவது கொஞ்சம் பேர்தான். மற்றவர்களின் இறுதியாண்டுப் புராஜெக்ட் எப்படி என்பது ஊரறிந்த ரகசியம். புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் மாடலும் ரிப்போர்ட்டும் கையில் வந்துவிடும், வைவாவில் சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுப்பார்கள். இன்பிளான்ட் ட்ரெய்னிங் பல இடங்களில் ஹெல்மெட் போட்டுக் கொண்டு வரிசையில் நடந்து சான்றிதழ் வாங்கும் உலா. ஐ.வி. எனும் தொழிற்சாலைப் பார்வை என்றால் கேட்கவே வேண்டாம், ஊட்டியும் கொச்சியும் அதில் சேர்ந்தே வரும். பையன்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. பதினைந்து நாளுக்கு வருகிறவனிடம் ஓடும் மெஷினை எந்தத் தொழிற்சாலையும் நம்பிக் கொடுக்காது.

இந்த ஊரில் ஒரு காலத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடத்தைத் தொடங்கியது 1926-இல். பொறியியல் கல்லூரி வந்தது 1951-இல். பட்டறை முந்தி, வகுப்பறை பிந்தி. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு இன்னும் ஒரு படி மேலே போனார். 1945-இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கியவர், நான்கு ஆண்டு படிப்பு காலவிரயம், இரண்டே போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக் கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டு ஆண்டு போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். கணக்கும் பொருளியல்பும் ஊற நாளாகும். ஆனால் அந்த நாளில் ஒரு பங்கைப் பட்டறையில் கழிக்க வேண்டும்.

பட்டம் வாங்கிய பிறகு ஒரு வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தை 1973-இல் திருத்தியபோது பட்டதாரிப் பொறியாளர்களையும் அதில் சேர்த்தார்கள். ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகை உண்டு. ஒரே லைனில் ஓராண்டு நிற்கும்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். ஒரு பாகத்துக்கு 45 வினாடி ஆகும் மெஷினில், ஓய்வு போக ஏழரை மணி நேரம் ஓடினால் ஷிப்டுக்கு 600 பாகம். கட்டர் வெறுமனே காற்றில் போய்வரும் தூரத்தைக் குறைத்து 3 வினாடி மிச்சம் பிடித்தால் 642. புது மெஷின் வாங்காமல், ஆள் கூட்டாமல் 42 பாகம். இதைக் கண்டுபிடிக்க மேதாவித்தனம் வேண்டாம். மெஷின் பக்கத்தில் ஸ்டாப் வாட்ச்சோடு கால் வலிக்க நிற்க வேண்டும்.

நிற்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஜி.இ.டி.யாக, அதாவது பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராகச் சேரும் இருபத்திரண்டு வயதுக்காரரை, ஐ.டி.ஐ. முடித்து அவர் பிறக்கும் முன்பே வேலைக்கு வந்த மெஷின் செட்டர் ‘சார்’ என்று கூப்பிடுவார். அந்த ‘சாரை’ அப்படியே வாங்கிப் பையில் போட்டுக் கொண்டவருக்கு அங்கே யாரும் எதையும் சொல்லித் தர மாட்டார்கள். ‘அண்ணா, இந்த ஆஃப்செட்டை ஏன் மாத்துனீங்க?’ என்று கேட்பவருக்கு, டூல் தேயும் சத்தத்தைக் காதால் பிடிப்பது வரை கிடைக்கும்.

பம்ப் கம்பெனி நேர்முகத் தேர்வில் வார்ப்பு இம்பெல்லர் ஒன்றை மேசையில் வைத்து, ‘இதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது, பட்டறையில் நின்றவருக்கும் நிற்காதவருக்கும் உள்ள வித்தியாசம் வெளிவரும். அநேகம் பேர் பெர்னூலி சமன்பாட்டை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். எப்போதாவது ஒருவர் அதைக் கையிலெடுத்து, மணல் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோட்டை விரலால் தடவிக் காட்டி, நடுத்துளையும் ஒரு முகமும் மட்டும் கடைந்தவை, மற்றதெல்லாம் வார்த்தபடியே இருக்கிறது என்று சொல்வார். அவரிடம் அடுத்துக் கேட்கப்படுவது பெரும்பாலும் நைட் ஷிப்டுக்கு வர முடியுமா என்பதாக இருக்கும்.