பெட்ரோல் குடிக்கிற வண்டி

"அண்ணே, டவுனுக்குள்ள வண்டி பெட்ரோல் குடிக்குது. என்னன்னு பாருங்க."

அம்பாசிடர் காலத்திலும் இந்தப் புகார் பட்டறைக்கு வந்தது. தொடுதிரை வைத்த கார்களின் காலத்திலும் வருகிறது. ஆனால் இதைக் கேட்டதும் மெக்கானிக் என்ன செய்வார் என்பது தலைகீழாக மாறிவிட்டது.

அன்று அவர் முதலில் மோந்து பார்ப்பார். பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால் பாதி வேலை முடிந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருக்கும், அல்லது ஊசி வால்வு தேய்ந்து மூடாமல் வழிந்துகொண்டிருக்கும். வாடை இல்லையென்றால் நாலு ப்ளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று மாறாமல் வரிசையாக வைப்பார். முனை பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, செலவுக்குத் தயாராக வேண்டியதுதான்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. உள்ளே பாயின்ட் கருகியிருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார். டைமிங் பின்தங்கியிருந்தால் இன்ஜின் இழுக்காது. இழுக்காத வண்டியை ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார். மிதிக்க மிதிக்க பெட்ரோல் போகும். கடைசியில் ஸ்க்ரூடிரைவரால் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பி, இன்ஜின் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துவார். டியூனிங் என்று சொன்னது இதைத்தான். கருவி, காது.

காரணம் வண்டிக்காரரிடமே இருப்பதும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ய, பெட்ரோல் கூடுதலாகப் போக இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறந்து ஆபீஸ் வரை ஓட்டிப் போனவர்கள் ஏராளம். பங்க்கில் மண்ணெண்ணெய் கலந்தார்களோ என்ற சந்தேகமும் எப்போதும் இருந்தது. ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டு, கறை படியாமல் உலர்கிறதா என்று பார்க்கும் சோதனையை நாமே கேட்கலாம் என்ற உரிமை இன்றும் இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் வாடிக்கையாளர் நம்பவில்லை என்றால் பாட்டில் சோதனை. டேங்க் குழாயைப் பிரித்து, ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்கு இணைப்பு. வண்டி தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். மீட்டர் காட்டும் தூரம்தான் மைலேஜ். அபாயமான முறைதான், ஆனால் அதில் வாதத்துக்கு இடமில்லை. அம்பாசிடர் டவுனுக்குள் எட்டோ ஒன்பதோ கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்தது.

நோய் வெளியே தெரிந்த காலம் அது. கறுப்புப் புகை, வாடை, திணறல், பின்னால் வெடிக்கும் சைலன்சர் என்று வண்டி தன் குறையை ஊருக்கே சொல்லிக்கொண்டு போனது.

மாறிய இடம்

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது மைலேஜ் கவலையைவிட, புகைதான். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. புகை விதிகள் இறுக இறுக, திருகால் சரிசெய்யும் கார்புரேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1983 டிசம்பரில் கார்புரேட்டரோடு வந்த மாருதி 800 கூட பெட்ரோலைக் கணக்காகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது, மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவருக்கு இன்ஜின் மேல் திருப்ப எதுவுமே மிச்சமில்லை.

இப்போது அந்தத் திருகைக் கணினி ஓயாமல் திருப்பிக்கொண்டிருக்கிறது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து வந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று சொல்கிறது. அதைப் பார்த்து இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கணினி கூட்டிக் குறைக்கிறது. இதில்தான் புதிய சிக்கல். ஒரு பாகம் கொஞ்சம் கெட்டால் கணினி அதை ஈடுகட்டிவிடும். வண்டி திணறாது, புகைக்காது, வாடை அடிக்காது. குறை தெரிவது பங்க் பில்லில் மட்டும்.

ஆகவே மெக்கானிக் இன்று முதலில் குனிவது ஸ்டியரிங்குக்குக் கீழே, அங்கிருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருக. செக் லைட் எரியாத வண்டியிலும் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு உண்டு. முதலாவது ஃப்யூயல் ட்ரிம்: கணினி தன் அடிப்படைக் கணக்கிலிருந்து எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கினால் கவலையில்லை. எப்போதும் ப்ளஸ் 20 என்று நின்றால் காற்று எங்கோ கள்ளத்தனமாக நுழைகிறது, அல்லது சென்சார் பொய் சொல்கிறது. மைனஸில் ஆழமாகப் போனால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கூலன்ட் சூடு. அன்று வண்டி கொதித்தால் பல பட்டறைகளில், இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார்கள். கார்புரேட்டர் வண்டி அதைப் பொறுத்துக்கொண்டது. அதே வைத்தியத்தை இன்றைய வண்டிக்குச் செய்தால், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால், இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே வராது. 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய கூலன்ட் 65-இல் நின்றால், வண்டி இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மறந்துபோன சோக்கின் இன்றைய வடிவம் இதுதான். இழுத்துவிட்டது நாமில்லை என்பதால் தள்ளி வைக்கவும் தோன்றாது.

கெட்டுப்போன பழைய பாடங்கள்

கார்புரேட்டர் காலத்தில் கற்ற சில நல்ல பழக்கங்கள் இன்று நஷ்டம். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது அவற்றில் ஒன்று. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் நன்றாகக் குறையும்வரை பெட்ரோல் அடியோடு நிற்கும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜினை ஓடவைக்க எரியத் தொடங்கும். காலையில் ஐந்து நிமிடம் நிறுத்திச் சூடேற்றுவதும் அப்படித்தான். மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுவது சிக்கனம்.

ஏர் ஃபில்டர் கதையும் மாறிவிட்டது. அடைத்த ஃபில்டர் கார்புரேட்டர் வண்டியின் மைலேஜைக் கடித்தது உண்மை. ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தபோது, இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்தும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, இழுவைதான் குறைந்தது. இன்ஜினின் ஆயுளுக்காக ஃபில்டரை மாற்றலாம், மாற்ற வேண்டும். மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மாறாதவை இரண்டு: பிரேக்கும் டயரும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அறிய ஸ்கேனர் உதவாது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் எது அனலடிக்கிறது என்று தெரியும். டயர் காற்றின் அளவு கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. பங்க் பையன் எல்லா வண்டிக்கும் வைக்கும் ஒரே எண்ணில் இல்லை.

வண்டிக்கு வெளியே

இத்தனையும் சரியாக இருந்தும் மைலேஜ் இல்லை என்றால்? அன்று அந்தக் கேள்வி எழுந்ததே அபூர்வம். இன்று எழுவதெல்லாம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடும்போது லிட்டருக்கு 16 கொடுக்கும் சிறிய கார் ஒன்று, பத்து கிலோமீட்டர் அலுவலகப் பயணத்தில் மொத்தம் இருபது நிமிடம் சிக்னல்களிலும் நெரிசலிலும் நிற்கிறது. ஓட்டத்துக்கு 625 மில்லி. ஏ.சி. போட்டு நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் நின்றதற்கு 330 மில்லி. மொத்தம் 955. மைலேஜ் பத்தரை! வண்டியில் ஒரு குறையும் இல்லை. இதே பத்து கிலோமீட்டர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளியிலிருந்து கடை என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராகப் பிரிந்தால், இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்து இன்னும் குறையும். அம்பாசிடரில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனோம். சாலையிலும் இத்தனை வண்டிகள் இல்லை.

எரிபொருளும் அதே எரிபொருள் அல்ல, இப்போது எத்தனால் கலந்து வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. 15 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் அதற்காக இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

அதனால்தான் விவரமான மெக்கானிக் இன்று ஸ்கேனரை எடுக்கும் முன் கேட்கிறார்: "தினம் எவ்வளவு தூரம் சார்? ஹைவேல எவ்வளவு குடுக்குது?" ஹைவேயிலும் டவுனிலும் சேர்ந்து குறைந்தால் வண்டியைச் சந்தேகிக்கலாம். டவுனில் மட்டும் என்றால் முதலில் பாதையை.

பாட்டில் சோதனையின் இடத்தில் இன்று இருப்பது ஃபுல் டேங்க் கணக்கு. மீட்டர் திரையின் சராசரி சற்றுத் தாராளமாகவே காட்டும், அதை விட்டுவிடுங்கள். அதே பங்க்கில், தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். தொடர்ந்து சில முறை செய்தால் உண்மையான எண் வரும். அந்த எண்ணோடு போனால் மெக்கானிக் தேட வேண்டியதைத் தேடுவார். வெறும் புகாரோடு போனால் ப்ளக், ஃபில்டர், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாறும். மைலேஜ் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.