பாதியில் நின்ற படமும், நீட்டி விட்ட கம்பியும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "பாலங்களின் வகைகள்" என்று எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அது நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கேயே படிக்காத நீங்கள் இங்கே மட்டும் படித்துவிடப் போகிறீர்களா? ஆகவே ஒரு கார்ட்டூனைப் பற்றி எழுதத் துணிந்தேன். கார்ட்டூனா என்று சிரிக்க வேண்டாம். இது முடிக்கப்படாத கார்ட்டூன். சிவில் படிக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

போனில் கோளாறா?

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு. ஹாஸ்டலில் என் அறை நண்பன் செல்போனில் ஏதோ பார்த்துக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் சில பொம்மைகள். பேச்சு கேட்கிறது, ஆனால் வாய் அசையவில்லை. வெளிச்சமும் இல்லை, நிழலும் இல்லை. கை கால் மட்டும் விறைப்பாக நகர்கிறது.

"டேய், உன் போன்ல டிஸ்ப்ளே போயிடுச்சுடா" என்றேன்.

"போன் நல்லாத்தான் இருக்கு. படமே இவ்வளவுதான். முடிக்கிறதுக்குள்ள நிறுத்திட்டாங்க" என்றான்.

முடிக்காத படத்தை ஏன் வெளியிட்டார்கள்? அதையும் ஜனங்கள் ஏன் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. தேடித் தெரிந்து கொண்டதை இங்கே தருகிறேன்.

முதலில் வந்த குட்டிப் படங்கள்

அமெரிக்காவில் ஜார்ஜ் லூகாஸ் என்பவர் 1977-ல் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' படம் உலகப் புகழ் பெற்றது என்பது நாம் அறிந்ததே. அந்தக் கதையின் நடுவே ஒரு பெரிய போர் வருகிறது. ஒரே மனிதனின் அச்சில் வார்த்தது போல ஒரே முகம் கொண்ட நகல் வீரர்கள் நடத்தும் போர். சினிமாவில் அதை அதிகம் காட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் கார்ட்டூன்கள்.

2003 முதல் 2005 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் 25 குட்டிப் படங்கள் வந்தன. எடுத்தவர் 'சாமுராய் ஜாக்' புகழ் ஜென்டி டார்டகோவ்ஸ்கி. முதல் இருபதும் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு போர் முடிந்துவிடும்! டிவிடியாக வந்த பிறகு பல ஆண்டுகள் இவை எளிதில் கிடைக்காமல் இருந்தன. 2021 ஏப்ரலில்தான் டிஸ்னியின் இணையச் சேவையில் மறுபடியும் வந்தன.

பிறகு 2008 அக்டோபரில் டேவ் ஃபிலோனி தலைமையில் 'தி குளோன் வார்ஸ்' என்ற முழுத் தொடர் தொடங்கியது. இது கம்ப்யூட்டரில் செய்த முப்பரிமாணப் படம். இதில் ஓர் அதிசயம், ஆயிரக்கணக்கான நகல் வீரர்களுக்கும் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே மனிதர். முகம் ஒன்று, குரலும் ஒருவருடையது. ஆனாலும் ஒவ்வொரு வீரனும் தனித்தனி ஆளாகத் தெரிவான்!

பாதியில் விழுந்த பூட்டு

ஐந்து பருவங்கள், 108 பகுதிகள் நன்றாகத்தான் ஓடின. 2012 அக்டோபரில் லூகாஸ் தன் நிறுவனத்தை டிஸ்னிக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. விலை சுமார் 405 கோடி டாலர். முதலாளி மாறினால் என்ன ஆகும்? 2013 மார்ச்சில் தொடரை முடித்துக் கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அப்போது வேலை ஒரே நிலையில் நிற்கவில்லை. சில பகுதிகள் அநேகமாகத் தயார். சிலவற்றுக்குக் குரல் பதிவு முடிந்து, சாம்பல் பொம்மைகள் நகர்ந்து கொண்டிருந்தன. சிலவற்றுக்கு எழுதிய தாள் மட்டுமே இருந்தது.

படம் கட்டுவதும் வீடு கட்டுவதும்

இதை நம் பாஷையில் சொல்கிறேன். கதை எழுதுவது பிளான் போடுவது. அடுத்து நடிகர்களின் குரலைப் பதிவு செய்து, அதற்கேற்பக் கரடுமுரடான பொம்மைகளை நகர்த்தி, முழுக்கதையையும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கு 'ஸ்டோரி ரீல்' என்று பெயர். இது சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டுவது போல. வீட்டின் உருவம் தெரியும், குடியிருக்க முடியாது. தப்பு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே திருத்திவிடலாம். கான்கிரீட் போட்ட பிறகு திருத்துவது எவ்வளவு செலவு என்று நமக்குத் தெரியாதா?

அதன் பிறகுதான் முக அசைவு, ஆடை, ஒளி, நிழல் எல்லாம். இது பூச்சும் பெயின்டும். பணமும் நேரமும் கரைவது இங்கேதான். ஒரு பகுதி 22 நிமிடம், வினாடிக்கு 24 படம் என்று கணக்குப் போடுங்கள். 31,680 படங்கள்! ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் தனியாக வரைந்து தள்ள வேண்டும். இந்த வேலைகள் தைவானிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஸ்டூடியோக்களில் நடந்தன.

நான் போனில் பார்த்தது பூச்சு வேலைக்கு முன்னால் நின்றுபோன வீடு.

நான்கு கதிகள்

நின்றுபோன வேலைகளுக்கு என்ன ஆயிற்று? நான்கு விதமாகச் சொல்லலாம்.

ஒன்று, தயாராகும் நிலையில் இருந்த 13 பகுதிகளை முடித்து 2014 மார்ச்சில் ஆறாவது பருவமாக நெட்ஃபிளிக்ஸில் கொடுத்தார்கள்.

இரண்டு, எழுத்தாகவே நின்றவை வேறு வடிவம் எடுத்தன. நான்கு பகுதிகளின் கதை 2014-ல் 'சன் ஆஃப் டாதோமிர்' என்ற படக்கதைப் புத்தகமானது. எட்டுப் பகுதிகளின் கதை 2015-ல் கிறிஸ்டி கோல்டன் எழுதிய 'டார்க் டிசைப்பிள்' நாவலானது.

மூன்று, உடாபாவ் என்ற கிரகத்தில் நடக்கும் நான்கு பகுதிகள். கொலை செய்யப்பட்ட ஒரு ஜெடாய் வீரரைப் பற்றி விசாரிக்கப் போகிறவர்கள், எதிரிக்கு விற்கப்படும் ஒரு ராட்சதப் படிகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இதை முடிக்கவே இல்லை. 2014 செப்டம்பரில் சாம்பல் பொம்மைகளாக, ஸ்டோரி ரீலாகவே இணையத்தில் வெளியிட்டார்கள். நான் பார்த்தது இதைத்தான். முதல் ஐந்து நிமிடம் சிரித்தேன். அப்புறம் வாய் அசையவில்லை என்பதே மறந்து போச்சு. துப்பறியும் கதை அப்படி இழுத்துக்கொண்டு போனது!

நான்காவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 'பேட் பேட்ச்' என்று நான்கு வீரர்கள். நகல் எடுக்கும்போது பிசகிப்போன பீஸ்கள். ஆனால் அந்தப் பிசகே அவர்களுக்குத் தனித் திறமை. (எங்கள் பின்வரிசை செட்டுக்கும் இதே பெயரை வைத்துக் கொண்டோம். திறமை பற்றி மட்டும் கேட்காதீர்கள்!) உடல் கோணலாகப் பிறந்து, போருக்கு ஆகாதவன் என்று பராமரிப்பு வேலையில் போடப்பட்டு, கடைசியில் தோழர்களுக்காக உயிர் கொடுத்த 99 என்ற நகலின் எண்ணையே தங்கள் படைக்கு வைத்துக்கொண்டவர்கள். இவர்களுடைய நான்கு பகுதிகளும் 2015 ஏப்ரலில் கலிபோர்னியாவில் நடந்த ரசிகர் விழாவில் சாம்பல் பொம்மைகளாகவே திரையிடப்பட்டன.

ரசிகர்கள் விடவில்லை. 2018-ல் தொடர் திரும்பி வரும் என்று அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் ஏழாவது பருவம் வந்தபோது முதலில் நின்றவர்கள் இந்த நால்வர்தான், முழு வண்ணத்தில்! அந்த நான்கில் கடைசிப் பகுதிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'முடியாத வேலை' என்று பொருள்படும் 'அன்ஃபினிஷ்டு பிசினஸ்'. 2021-ல் இவர்களுக்கென்றே தனித் தொடர் தொடங்கி, மூன்று பருவங்கள் ஓடி 2024-ல் முடிந்தது. 2022-ல் இதே உலகத்திலிருந்து 'டேல்ஸ் ஆஃப் தி ஜெடாய்' என்று ஆறு குட்டிப் படங்களும் கிளைத்தன.

இடைவெளி ஒரு நன்மையும் செய்தது. அசோகா என்ற பெண் வீராங்கனையின் கதையில் நிக்ஸ் ஒகாமி என்ற இளைஞன் வருவதாக முதலில் வரைந்திருந்தார்கள். 2020-ல் எடுத்தபோது அவனை நீக்கிவிட்டு, டிரேஸ், ராஃபா என்ற மார்டெஸ் சகோதரிகளைக் கொண்டு வந்தார்கள். பழைய பிளானையும் திருத்தலாம். ஆனால் திருத்துவதற்குப் பிளான் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் வீடு

இனி கொஞ்சம் சொந்தக் கதை. என் அப்பா கொத்தனார். ஊரில் எத்தனையோ வீடு கட்டியவர். எங்கள் வீடு மட்டும் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. மூன்றாம் செமஸ்டர் நடக்கும்போது அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. வீட்டுக்குச் சேர்த்த பணம் வைத்தியத்துக்குப் போயிற்று. நான் இரண்டு மாதம் வகுப்புக்கு வராமல் சித்தாள் வேலைக்குப் போனேன். ரிசல்ட் வந்தபோது மூன்று அரியர்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "போதும், நிறுத்திடலாம்" என்று முடிவு செய்து, ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட மூட்டை கட்டினேன். அப்பா அப்போதுதான் கட்டை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. வாளியில் சிமெண்ட் பால் கரைக்கச் சொன்னார். தூண்களில் மேலே நீட்டிக் கொண்டிருக்கும் கம்பிகளுக்கு அதை அடிக்கச் சொன்னார்.

"இப்ப எதுக்குப்பா? கட்டவா போறோம்?" என்றேன்.

"கட்டும்போது கட்டுவோம் தம்பி. கம்பி துருப்பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் காசு வந்தாலும் கட்ட முடியாது" என்றார்.

அன்று சாயங்காலம் மூட்டையைப் பிரித்து நோட்டுகளைப் பெட்டியில் வைத்தேன். கார்ட்டூன் பார்த்துத் திருந்தினேன் என்று கதை விட மாட்டேன். அந்தச் சாம்பல் பொம்மைகளைப் பார்த்தது ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்த பிறகுதான். ஆனால் அதைப் பார்த்தபோது அப்பா சொன்னது இன்னும் நன்றாகப் புரிந்தது. குரல் பதிவையும் ரீலையும் யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைத்தார். அதனால்தான் ஐந்து வருடம் கழித்து அதன் மேல் கட்ட முடிந்தது. அது அவர்கள் நீட்டி விட்ட கம்பி.

எல்லாமே ஒரு நாள் முடிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை நண்பர்களே. உடாபாவ் இன்றும் சாம்பலாகத்தான் இருக்கிறது. எங்கள் வீடும் லிண்டலோடுதான் நிற்கிறது. என் அரியரில் இரண்டு போயிற்று, ஒன்று இருக்கிறது. ஆனால் நின்றுபோன வேலை வேறு, அழிந்துபோன வேலை வேறு. நம் வகுப்பில் பாதியில் நின்றவர்கள் சிலர் உண்டு. அவர்களை எங்கேயாவது பார்த்தால் "நோட்டு வச்சிருக்கியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் நம்முடையதைக் கொடுப்போம்.

வருடா வருடம் கம்பிக்குச் சிமெண்ட் பால் அடித்து வைப்போம். மேல் தளம் வரும்போது வரட்டும்.



– சிவில் இறுதியாண்டு மாணவன்