கூறைச் சட்டைக்கு எந்தக் கழுத்து?

கலியாணத்துக்கு நாள் வைத்தவுடன் கூறைக்கும் தாலிக்கும் ஓடித்திரியும் நாம், கூறைக்குள் போடும் சட்டையைக் கடைசிக் கிழமைக்கு விட்டுவிடுகிறோம். பின்னர் "எல்லாரும் வெட்டுகிற மாதிரியே வெட்டுங்கோ" என்று தையற்காரியிடம் சொல்லிவிட்டு வருகிறோம். படம் வந்த பிறகுதான் தோள் வழுகியிருப்பதும், கழுத்து குறுகித் தெரிவதும் கண்ணில் படுகின்றன. சாறி எத்தனை ஆயிரத்துக்கு எடுத்தாலும் முகத்துக்கு அருகில் இருப்பது சட்டையின் கழுத்துத்தான்.

பல வருடங்களாக வீட்டில் ஒரு தையல் மெசினை வைத்துக்கொண்டு சீவிக்கிறேன். கைப்பட்ட அனுபவத்தில் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி

சட்டைப் படங்களைப் பார்க்க முன்னர் உங்களைப் பாருங்கள். தலைமுடியை உயர்த்திக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கழுத்து நீளமா, குட்டையா? தோள் அகலமா, ஒடுக்கமா? மார்பு பெரிதா, சிறிதா? இதில் நல்ல உடம்பு, கூடாத உடம்பு என்று ஒன்றும் இல்லை. ஒவ்வோர் உடம்புக்கும் ஒவ்வொரு வெட்டு உண்டு.

குட்டைக் கழுத்தும் வட்ட முகமும் உடையவர்களுக்கு 'வி' கழுத்து அல்லது ஒடுங்கி இறங்கும் 'யூ' கழுத்து பொருந்தும். பார்வை மேலிருந்து கீழே இறங்குவதால் கழுத்து நீண்டு தெரியும். கொலர் வைத்த சட்டையும் மூடிய கழுத்தும் இவர்களுக்கு வேண்டாம்.

நீண்ட மெலிந்த கழுத்துள்ளவர்களுக்கு மூடிய வட்டக் கழுத்து, சிறிய கொலர், தோளுக்குத் தோள் நீளும் போட் கழுத்து என்பன அழகு. காறை எலும்பு துருத்தித் தெரிகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கும் இவை உதவும்.

ஒடுங்கிய தோள் உள்ளவர்களுக்குப் போட் கழுத்தும், அளவாக அகன்ற சதுரக் கழுத்தும் தோளை அகலமாகக் காட்டும். அகன்ற தோள் உள்ளவர்கள் கழுத்தை அகலமாக வெட்டாமல் ஆழமாக வெட்டவேண்டும்.

மார்பு பெரிதானவர்கள் எல்லாவற்றையும் மூடினால் நல்லது என்று நினைப்பதுண்டு. உண்மையில் மூடிய கழுத்து அந்தப் பகுதியை இன்னும் பெரிதாகக் காட்டும். அளவான ஆழமுள்ள சதுரக் கழுத்தோ 'யூ' கழுத்தோ போதும். மார்பு சிறிதானவர்களுக்கு மூடிய கழுத்தும், கழுத்தோரத்தில் சரிகை வேலையும் நிறைவைத் தரும்.

தாலிக்கொடியையும் மாலையையும் மறக்கவேண்டாம்

மாலை போட்ட பிறகு முன்கழுத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆகவே முன்கழுத்தில் கனக்க வேலைப்பாட்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தாலி கட்டும்போது எடுக்கும் படத்தில் பிடரியும் முதுகும் விழலாம். பின்கழுத்தை மிக அகலமாக வெட்டினால் கொடியின் பாரத்திலும் மாலையின் பாரத்திலும் சட்டை தோளால் வழுகும். அகலமாகத்தான் வேண்டும் என்றால் பின்னுக்கு ஒரு நாடா வைத்துக் கட்டுங்கள்.

அட்டியல் போடுபவர்களுக்கு வெறுங்கழுத்து கொஞ்சம் தெரியவேண்டும். இரவல் நகை என்றால் அதை முன்கூட்டியே வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வெட்டின் ஆழத்தைத் தீர்மானியுங்கள்.

இந்துக் கலியாணத்தில் மணவறையில் கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அவசரமாக மாற்றிக்கொண்டு வரவேண்டும். முதுகுப் பக்கம் கொக்கி வைத்தால் அதைப் பூட்ட இன்னொருவர் வேண்டும். அவர் யார் என்பதையும் முதலே யோசித்து வையுங்கள்.

தழும்பு உள்ளவர்களுக்கு

எமது பகுதிகளில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. ஒருநாள் ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். "அக்கா, கழுத்து மட்டும் மூடித் தைச்சுத் தாங்கோ" என்றாள். 2009ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், காறை எலும்புக்குக் கீழே செல் துண்டு பட்டிருந்தது. தழும்பு தடித்து, தோள் வரைக்கும் இழுபட்டிருந்தது. ஒரு பக்கத் தோளும் சற்றுப் பதிந்திருந்தது.

அவளுக்கோ கழுத்து குட்டை. கொலர் வைத்தால் முகம் உடம்போடு ஒட்டியது போல இருக்கும். பழைய பருத்தித் துணியில் இரண்டு மாதிரிகள் வெட்டி ஊசி குத்திக் காட்டினேன். ஒன்று அவள் கேட்டது. மற்றது ஆழம் குறைந்த 'யூ' கழுத்து. தழும்பின் ஒரு நுனி தெரியும். கனநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது தெரிஞ்சால் என்ன? அவருக்கும் தெரியும்தானே" என்றாள். தாய் ஒன்றும் பேசவில்லை.

மறைப்பதா விடுவதா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். மறைக்க விரும்புவோர் தோளிலும் கழுத்திலும் மெல்லிய வலைத்துணி வைத்து, அதன் கீழ் தோல் நிறத்தில் லைனிங் கொடுக்கலாம். எதுவானாலும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

- தழும்பின் மேல் சரிகை, கண்ணாடி, மணி வேலை படவேண்டாம். உரசினால் கடிக்கும், புண்ணாகும்.
- உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுங்கள். தையல் மடிப்புத் தழும்பின் மேல் வராமல் தள்ளி வெட்டுங்கள்.
- ஒரு தோள் பதிந்திருந்தால் 'வி' கழுத்தின் முனை ஒரு பக்கம் இழுபட்டுக் காட்டிக்கொடுக்கும். வட்டமும் 'யூ'வும் காட்டாது. பதிந்த பக்கத்துக்கு மெல்லிய தோள் பஞ்சு வைக்கலாம்.
- உடம்பில் துண்டு உள்ளவர்கள், கொடியின் பாரம் அந்த இடத்தில் அழுத்துகிறதா என்று முதலே போட்டுப் பாருங்கள்.
- தழும்பில் வெடிப்போ நீரோ இருந்தால் தைக்க முன்னர் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அளவு கொடுக்கும்போது

கலியாணத்துக்கு அணியப்போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள். பழைய அளவுச் சட்டையை நம்பவேண்டாம். கலியாணக் கவலையிலேயே பலர் மெலிந்துவிடுகிறார்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். பின்னர் இறுக்கவும் தளர்த்தவும் அது உதவும். கழுத்தை முதலில் ஆழம் குறைத்தே வெட்டச் சொல்லுங்கள். பிறகு இன்னும் வெட்டலாம், வெட்டியதை ஒட்டமுடியாது.

சட்டை கைக்கு வந்ததும் போட்டுப் பார்த்து, கையை உயர்த்துங்கள், நிலத்தில் இருந்து எழும்புங்கள், காலில் விழுந்து கும்பிடுவது போலக் குனியுங்கள். கழுத்து திறந்து விலகினால் அந்த நாள் முழுவதும் கை அங்கேதான் போகும்.

மாப்பிள்ளை வீட்டார் கூறை எடுப்பதாயின், சட்டைத் துண்டையாவது முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று

நான் கணவரை இழந்தவள். கூறைச் சட்டை தைத்துக் கொடுப்பேன். கலியாண வீட்டுக்குப் போகமாட்டேன். "ஏன் வந்தாள்" என்று ஒருவர் முகம் சுளித்தாலும் அது பிள்ளையின் நாளைப் பழுதாக்கும் என்று ஒதுங்கியிருந்துவிடுவேன். என்னைப் போன்ற பலர் இப்படித்தான்.

அந்தப் பிள்ளை சட்டையை வாங்கவந்த அன்று கேட்டாள், "அக்கா, கொக்கி பின்னுக்குத்தானே. கூறை மாத்தேக்கை ஆர் பூட்டுறது?"

"சித்தி, மாமி ஆரும் பூட்டுவினம்" என்றேன்.

"அவையளுக்குத் தழும்பு எங்கை நோகும் எண்டு தெரியாது. நீங்கள் வாங்கோ."

தாயைப் பார்த்தேன். "வாங்கோ பிள்ளை" என்றார் அவர்.

போனேன். எட்டுக் கொக்கிகள். பூட்டி முடித்து, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, அவளை மணவறைக்கு அனுப்பினேன். பிறகு கதவோரத்தில் எல்லாரோடும் நின்று தாலி கட்டுவதைப் பார்த்தேன்.