சைகையும் சோதனையும்

கணினியில் ஒரே வேளையில் பல செய்நிரல்கள் இயங்குகின்றன. அவை ஒன்றோடொன்று மோதாவண்ணம் காத்து, நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு, பணிசெயல் முறைமையின் மையமாகிய கேர்னலுக்கு உரியது. இயங்கும் செய்நிரலுக்கு அவசரச் செய்தி அறிவிக்க வேண்டுமாயின், கேர்னல் அதனைச் சைகையாக விடுக்கின்றது. லினக்சில் சைகைகளுக்கு எண்கள் உண்டு. பயனர் கண்ட்ரோல்-சி விசைகளை அழுத்தினால் 2ஆம் சைகை எழும். உரிமையில்லாத நினைவகத்தைச் செய்நிரல் தொட்டால் 11ஆம் சைகை எழும். அதனை ஏற்க ஆயத்தமில்லாத செய்நிரல் அக்கணமே மடியும்.

மடிந்தபின் காரணம் தேடுவதினும், மடியுந் தறுவாயில் நிறுத்தி ஆராய்வதே பயனுடையது. இதற்குதவும் பீட்ரேஸ் என்னும் அழைப்பு, 1975இல் வெளிவந்த யூனிக்சின் ஆறாம் பதிப்பிலேயே இடம்பெற்றது.

தெமட்டகொடையிலிருந்து களனிக்குச் செல்லும் புகைவண்டி ஒன்றை உவமையாகக் கொள்க. வழக்கமான நாளில் கைகாட்டியைச் சாரதியே கண்டு நடப்பார். பழுது ஆராயும் பரிசோதகர் உடன்செல்லும் நாளில், வண்டியை நிறுத்திச் செய்தியை அவரிடமே முதலில் கொடுப்பது விதியாயின், அதனைச் சாரதிக்கு அறிவிப்பதும் மறைப்பதும் மாற்றிச் சொல்வதும் அவர் முடிவாகும். வழுநீக்கியின் நிலையும் இதுவே. சைகை வந்ததும் கேர்னல் செய்நிரலை உறையச் செய்து, காத்திருக்கும் வழுநீக்கிக்கு அறிவிக்கின்றது. வழுநீக்கி நினைவகத்தைப் பார்வையிட்டபின், அதே சைகையையோ வேறொன்றையோ சேர்ப்பிக்கலாம். ஒன்றுமின்றியும் செய்நிரலைத் தொடரவிடலாம்.

குறித்த இடத்தில் நிறுத்துவதும் இவ்வழியினதே. இன்டெல் வகைச் செயலிகளில், அவ்விடத்துக் கட்டளையின் முதற் பைட்டை நீக்கி 204 என்னும் மதிப்பை வழுநீக்கி இடுகின்றது. செயலி அதனை அடைந்ததும் 5ஆம் சைகை பிறக்கும். வழுநீக்கி அதனைத் தன்னளவில் நிறுத்தி, பழைய பைட்டை மீள வைக்கின்றது.

எனினும் நோக்குவதே நோக்கப்படுவதை மாற்றிவிடக்கூடும். ஓடும் செய்நிரலோடு இணைவதற்குப் பழைய முறையில் நிறுத்தச் சைகையொன்று அனுப்பப்படும். அதே வேளையில் பிறர் அதே சைகையை அனுப்பியிருப்பின், இரண்டையும் வேறுபடுத்துதல் அரிது. 2012இல் வெளிவந்த லினக்சு 3.4, அச்சைகையின்றியே இணையும் முறையை அளித்து இக்குறையைத் தீர்த்தது.

இத்துணை அதிகாரத்திற்கும் எல்லை உண்டு. கொல்லும் சைகையாகிய 9ஆம் எண் வழுநீக்கியின் அனுமதியை நாடுவதில்லை. நாடுமாயின், பழுதுற்ற வழுநீக்கியொன்று தன் பிடியிலுள்ள செய்நிரலை அழியாது வைத்திருக்க இயலும். மேலும், பிற செய்நிரலின் நினைவகத்தைப் படிக்கவல்லவன் அதன் கடவுச்சொற்களையும் படிப்பான். ஆதலின் அதே 3.4ஆம் பதிப்பில் யமா என்னும் பாதுகாப்புக் கூறும் சேர்க்கப்பட்டது. அதன் முதற்கட்டுப்பாட்டின்படி, சிறப்புரிமை பெறாத செய்நிரலொன்று, இணங்கிய செய்நிரல்களைத் தவிர, தன் வழித்தோன்றல்களோடு மட்டுமே இணையலாம்.

இயமம் என்னும் சொல் யோக நூல்களில் அடக்கத்தைக் குறிக்கும். பிறர் செயலைத் தடுத்து நிறுத்தி உள்ளே நோக்கும் ஆற்றல் எவரிடம் இருப்பினும், அதனோடு அடக்கமும் விதியாக வைக்கப்படல் வேண்டும் என்பதையே கேர்னலின் இவ்வமைப்பு உணர்த்துகின்றது.